ஆண்டீஸ் மலையில் இரு வழிப்போக்கர்கள்



ஜகாத் பெறும் உரிமையுடையோர் எட்டு வகையினர் என்பதை நாம் சிறுவயதிலேயே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஏழைகள், வறியவர்கள், கடன்பட்டவர்கள் என்று செல்லும் அவ்வரிசையில் இறுதியாக இடம்பெறுபவர் வழிப்போக்கர். ஏழைக்கு உரிமை இருப்பது எளிதில் விளங்குகிறது. ஆனால் சொந்த ஊரில் வீடும் உறவும் உடைய ஒருவர், பயணத்தில் இருக்கிறார் என்பதற்காக எவ்வாறு அவ்வரிசையில் வந்து சேர்ந்தார்? இதற்கான விளக்கம் மார்க்க நூல்களில் உண்டு. அதனை உடலாலும் உள்ளத்தாலும் நான் அறிந்துகொண்ட இடமோ, பூமியின் மறுபக்கத்தில் உயர்ந்து நிற்கும் ஆண்டீஸ் மலைத்தொடர். அந்த அனுபவத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கி ஜூன் மாதத்தின் நடுப்பகுதிவரை நானும் என் கணவரும் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பயணம் செய்தோம். புறப்படுமுன் உறவினர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பணத்தில் இன்னொரு உம்ரா செய்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. கடமையான ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டோம். பிள்ளைகளின் கடமைகளும் முடிந்தன. யாருக்கும் கடன் பாக்கியில்லை. எனினும் ஊர் சுற்றுவது வீண்விரயம் ஆகாதா என்ற ஐயம் எனக்குள்ளும் இருந்தது. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் அழைப்பது ஒருபுறம். விரயம் செய்வோரைக் கண்டிப்பது மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே நடக்க ஒரே வழிதான் தென்பட்டது. குறைந்த செலவில், உள்ளூர் மக்கள் ஏறும் பேருந்தில் ஏறி, அவர்கள் உண்ணும் இடத்தில் உண்டு செல்வது என்று முடிவு செய்தோம்.

முதுகில் ஒரு பை

ஆளுக்கொரு முதுகுப்பை. எட்டுக் கிலோவுக்கு மேல் எதுவும் வைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். மூன்று மாற்றுடை, கம்பளிச் சட்டை, மழையங்கி, மருந்து, தொழுகை விரிப்பு, திசைகாட்டி. அவ்வளவுதான்.

பெருவில் சிக்கனமாகப் பயணம் செய்வது கடினமன்று. விலை உயர்ந்த சுற்றுலா வண்டிகளுக்கு மாற்றாக நெடுந்தூரப் பேருந்துகள் நாடெங்கும் ஓடுகின்றன. இரவுப் பேருந்தில் சென்றால் ஓர் இரவின் அறை வாடகை மிச்சம். சிற்றூர்களுக்கிடையே 'கொலெக்டிவோ' எனப்படும் பங்கு வண்டிகள் உள்ளன. இருக்கைகள் நிரம்பினால்தான் புறப்படும். நண்பகலில் சந்தையின் உள்ளே சென்று அமர்ந்தால் ஒரு சூப்பும் ஒரு தட்டு உணவும் ஒரு பானமும் அப்போது பத்துப் பதினைந்து சோலுக்குக் கிடைத்தன. சோல் என்பது அந்நாட்டு நாணயம். 2024இல் நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்தது.

ஆனால் சிக்கனம் தந்த பெரிய இலாபம் காசு அன்று. காசு உள்ளவனுக்கு வழிகாட்டியும் வண்டியும் தயாராக நிற்கும்; அவன் எவரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நாங்களோ ஒவ்வொரு திருப்பத்திலும் யாரையாவது கேட்டாக வேண்டும். அந்தக் கேட்டலில்தான் அந்நாட்டு மக்களை அறிந்தோம்.

லீமாவில் அந்தலூசியாவின் சாயல்

பெருவின் கடற்கரை ஒரு நெடும் பாலைவனம். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடற்காற்றைக் குளிரச் செய்வதால் மழைமேகம் உருவாவதில்லை. கோடிக்கணக்கான மீன்களை வளர்க்கும் அதே நீரோட்டம் கரைக்கு மழையை மறுத்துவிடுகிறது. தலைநகர் லீமாவில் குளிர்காலம் முழுவதும் வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடக்கும். மழையோ பெய்வதில்லை, மெல்லிய தூவானம் மட்டுமே.

அந்நகரின் பழைய வீதிகளில் நடந்தபோது ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. மாடிகளின் முன்னே, நுணுக்கமான மரச்சட்டங்களால் அடைக்கப்பட்ட முகப்புகள். உள்ளே இருப்பவர் வெளியே காணலாம். வெளியே இருப்பவர் உள்ளே காண இயலாது. கெய்ரோவின் பழைய வீடுகளைப் படத்தில் கண்டவர்கள் இவற்றை உடனே அடையாளம் காண்பார்கள். 1735இல் கட்டி முடிக்கப்பட்ட தோர்ரே தாக்லே மாளிகையின் முகப்பு இவற்றுள் புகழ்பெற்றது. 1492இல் கிரனடா வீழ்ந்தது. 1535இல் ஸ்பானியர் லீமாவை நிறுவினர். இடையே 43 ஆண்டுகளே. முஸ்லிம்களின் ஆட்சி ஸ்பெயினில் முடிந்தாலும் அவர்களுடைய கைத்திறன் முடியவில்லை. வென்றவர்களின் கப்பலிலேயே ஏறிக் கடல் கடந்து வந்துவிட்டது.

மொழியும் அவ்வாறே. ஸ்பானியர் சர்க்கரையை 'அஸூகார்' என்கின்றனர், அரபியில் 'ஸுக்கர்'. இன்னொரு சொல் நாள்தோறும் எங்கள் செவியில் விழுந்தது. "பேருந்து மாலைக்குள் சேருமா?" என்று கேட்டால், ஓட்டுநர் புன்னகையோடு "ஒஹலா" என்பார். அவ்வாறே நடக்கட்டும் என்பது பொருள். அந்தலூசிய அரபியில் 'அல்லாஹ் நாடினால்' என்று வழங்கிய தொடரே இச்சொல்லாயிற்று என்பது மொழியறிஞர் கருத்து. அவர் அறியாமலே சொன்னார். நாங்கள் அறிந்து "இன்ஷா அல்லாஹ்" என்றோம்.

பாலைவனத்தின் ஊற்றுக்கண்கள்

லீமாவிலிருந்து தெற்கே 450 கிலோமீட்டர் சென்றால் நாஸ்கா. பாலைநிலத்தில் பழங்கால மக்கள் வரைந்த மாபெரும் கோடுகளுக்காக உலகப் புகழ் பெற்ற ஊர். அவற்றைச் சிற்றூர்தி விமானத்தில் பறந்து காண்பதற்குப் பெருஞ்செலவாகும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் பார்வைக் கோபுரத்தில் சில சோல் கொடுத்து ஏறினோம். இரண்டு மூன்று உருவங்கள் தெளிவாகத் தெரிந்தன. அக்கோடுகளைக் காக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா ரைஷே என்ற ஜெர்மானியப் பெண்மணி. துடைப்பத்தைக் கையிலேந்திப் பாலையில் கோடுகளைத் துலக்கியவர், 1998இல் மறைந்தார்.

எனினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது கோடுகளன்று. ஊருக்கு அருகே கந்தயோக் என்னுமிடத்தில் நிலத்தடி நீர்க்கால்வாய்கள் உள்ளன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மலையடியில் ஊறும் நீரை நிலத்தின் கீழாகவே வயலுக்குக் கொண்டுவருகின்றன. இடையிடையே கல்லடுக்கிய சுருள்பாதைகள் கிணறுபோல் கீழிறங்குகின்றன. அவற்றின் வழியே இறங்கிக் கால்வாயைத் தூர் வாரலாம். இன்றும் அந்நீர் ஓடுகிறது; உழவர் பாய்ச்சுகின்றனர். பாரசீகத்தின் 'கனாத்' கால்வாய்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே அதே அறிவை இம்மக்களும் பெற்றிருந்தனர்.

அச்சுருள் கிணறுகளை அங்குள்ளோர் 'ஓஹோ' என்கின்றனர்; கண் என்று பொருள். அரபியில் 'ஐன்' என்ற ஒரே சொல் கண்ணையும் ஊற்றையும் குறிக்கும். தமிழிலோ 'ஊற்றுக்கண்' என்றே சொல்கிறோம். அங்கிருந்து வயலுக்குச் செல்லும் வாய்க்காலின் பெயர் 'அஸெக்கியா'. அதுவும் நீர் புகட்டுவதைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததே. தாகம் எல்லா மொழிக்கும் பொது.

காற்று குறைந்த கணவாயில்

கடலோரத்தை விட்டு அரேகிப்பா நகருக்கு ஏறினோம். வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டப்பட்ட எழில் நகரம். 5,822 மீட்டர் உயரமுள்ள மிஸ்தி எரிமலை அதன் பின்னே காவல் நிற்கிறது. நகரின் உயரம் 2,300 மீட்டருக்குச் சற்று மேல். மேலும் ஏறுமுன் உடலைப் பழக்குவதற்காக அங்கே மூன்று இரவுகள் தங்கினோம். ஆண்டீஸ் செல்ல எண்ணும் வாசகர்கள் இதனைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். உயரத்தை விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வரும். அவை முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே கேடாகும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. தணியாவிட்டால் தாமதமின்றிக் கீழே இறங்க வேண்டும்.

நான்காம் நாள் கோல்கா பள்ளத்தாக்கிலுள்ள சிவாய் என்ற சிற்றூருக்குப் பேருந்தில் புறப்பட்டோம். வழியில் பதபம்பா கணவாய். உயரம் ஏறத்தாழ 4,900 மீட்டர். அவ்வுயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். அத்தனை முன்னெச்சரிக்கைக்குப் பின்னரும் கணவாயை நெருங்கும்போது என் கணவரின் முகம் வெளுத்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. இருமுறை வாந்தி எடுத்தார். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் நூறுகூட இரா. அப்பேருந்தில் எங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. கையிலிருந்த காசு எவ்வளவாக இருந்தால்தான் என்ன, அந்த நொடியில் அது வெறும் காகிதம். வழிப்போக்கர் ஏன் அந்த எட்டு வகையினரில் ஒருவர் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

எதிர் இருக்கையில் பூவேலை செய்த தொப்பியணிந்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முதுகில் கட்டியிருந்த துணி மூட்டையை அவிழ்த்து ஒரு கைப்பிடி முன்யா இலையை எடுத்தார். அது புதினாவின் மணமுடைய மலைப்பூண்டு. உள்ளங்கையில் கசக்கி என் கணவரின் நாசிக்கு அருகே பிடித்தார். தம் கம்பளிப் போர்வையை அவர் மார்பில் போர்த்தினார். ஓட்டுநரிடம் கெச்சுவா மொழியில் ஏதோ கட்டளையிட்டார். பேருந்து எங்கும் நிற்காமல் கணவாயைக் கடந்து 3,600 மீட்டர் உயரத்திலுள்ள சிவாய்க்கு இறங்கியது. இறங்க இறங்க அவர் முகத்தில் நிறம் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ்!

மூதாட்டி அதோடு விடவில்லை. எங்களோடு இறங்கி, ஊர் மருத்துவ நிலையத்தைக் காட்டி, செவிலி சோதித்து ஆபத்தில்லை என்று சொல்லும்வரை காத்திருந்தார். பின்னர்த் தம் உறவினர் நடத்தும் எளிய விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் நீட்டிய பணத்தை என் கையிலேயே மடித்து வைத்துவிட்டுத் தம் வழியே சென்றார். அவர் பெயரையும் நான் அறியேன்.

"ஏன் வாங்க மறுத்தார்?" என்று விடுதிப் பெண்ணிடம் கேட்டேன். அவர் சொன்ன விடை ஒரு சொல்: "ஐனி." இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்னும் ஆண்டீஸ் மக்களின் வாழ்நெறி அது. விதைப்பில் உதவியவருக்கு அறுவடையில் உதவுவது, வீடு கட்டக் கைகொடுத்தவருக்கு வீடு கட்டக் கைகொடுப்பது. "நாங்கள்தாம் நாளை போய்விடுவோமே, எவ்வாறு திருப்பிச் செய்வது?" என்றேன். "யாருக்காவது செய்வீர்கள்" என்றார்.

உணவும் தொழுகையும்

உண்பதும் தொழுவதும் எவ்வாறு இயன்றது என்று வாசகியர் கேட்பீர்கள். மூன்று வாரமும் இறைச்சியைத் தொடவில்லை. கடலோரத்தில் மீன், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த 'செவிச்சே' அந்நாட்டின் பெருமைமிகு உணவு. மலையில் உருளைக்கிழங்கு, கீன்வா, முட்டை, பாலாடைக் கட்டியோடு அவித்த சோளம். உருளைக்கிழங்கின் தாயகமே ஆண்டீஸ். ஆயிரக்கணக்கான வகைகள் அங்கே விளைகின்றன. இரவு உறைபனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காயவிட்டு, காலால் மிதித்து நீர் நீக்கி உலர்த்திய 'சூன்யோ' கிழங்கு பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஒரு செய்தி முக்கியம்: 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள், கோழியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியே சொல்ல வேண்டும். 'சிச்சா' என்பது சோளத்தைப் புளிக்கவைத்த மது. 'சிச்சா மொராதா' என்பது ஊதாச் சோளத்தை வேகவைத்த இனிப்பு நீர். பின்னதை விரும்பிப் பருகினோம்.

மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா கிழக்கே, சற்று வடக்குச் சாய்ந்து. முதல் நாள் திசைகாட்டியை இருமுறை சரிபார்த்தேன். கஃபா நடுவில் இருக்க, நாமும் அவர்களும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து அதனை நோக்குகிறோம் என்ற எண்ணமே மெய்சிலிர்க்க வைத்தது. பயணிக்கு மார்க்கம் அளித்த சலுகைப்படி சுருக்கியும் சேர்த்தும் தொழுதோம். நீர் உறையும் விடியற்காலையில் ஒளுச் செய்ய வெந்நீர் கேட்டபோது சிவாய் விடுதிப் பெண் வியந்தார். இந்தக் குளிரில் காலைக் கழுவுவோர் உண்டா? காரணம் சொன்னோம். மறுநாள் நாங்கள் கேட்காமலே சுபுஹு வேளையில் கதவருகே கெண்டி ஆவி பறக்க நின்றது.

புல்லால் ஒரு பாலம்

அங்கிருந்து பழைய இன்கா தலைநகர் கூஸ்கோ சென்றோம். மச்சு பிச்சு பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இரயில் கட்டணத்தைத் தவிர்த்து, நீர்மின் நிலையம்வரை வண்டியில் சென்று, அங்கிருந்து தண்டவாள ஓரமாகப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து நாங்களும் கண்டோம். அதைவிட நான் கூற விரும்புவது கெஸ்வசாக்கா பாலத்தைப் பற்றி.

கூஸ்கோவுக்குத் தெற்கே அபூரிமாக் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தின் மேல், ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்தில் புல்லால் முறுக்கிய கயிற்றுப் பாலம் தொங்குகிறது. இன்கா காலத்திலிருந்து அவ்விடத்தில் பாலம் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு கிராமத்தார் கூடி, மூன்று நாள்களில் புதிய பாலத்தைக் கட்டுகின்றனர். பழையது ஆற்றில் விழுகிறது. மலைப்புல்லைக் கல்லால் தட்டி, நனைத்து, சிறு கயிறாக முறுக்குவது பெண்கள் பணி. அவற்றைப் பெருவடமாகத் திரித்துக் கட்டுவது ஆண்கள் பணி. 2013இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

அருகிலேயே வாகனம் செல்லும் உறுதியான பாலம் இருக்கிறது. பின் எதற்கு இந்தப் பாடு? விடையை 2020ஆம் ஆண்டு தந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் அவ்வாண்டு பணி நடைபெறவில்லை; 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. ஓராண்டு புதுப்பிக்காததுதான் காரணம். அவ்வாண்டு ஜூனில் நான்கு கிராமத்தாரும் மீண்டும் கூடிக் கட்டினர். ஆற்றைக் கடப்பதற்கு மட்டும் அது தேவைப்பட்டிருந்தால் என்றோ கைவிட்டிருப்பார்கள். நான்கு ஊரும் ஆண்டுக்கொருமுறை ஒன்றாக அமர அது தேவைப்படுகிறது. நம் உறவுகளும் இத்தகையவை அல்லவா? ஒரு காலத்தில் உறுதியாய் இருந்தது என்பதால் என்றும் தாங்காது. புதுப்பிக்காத உறவு, ஓசையின்றி அறும்.

பணி தொடங்குமுன் அவர்கள் தம் மரபுப்படி மலைக்கும் மண்ணுக்கும் படையல் செய்தனர். அதில் எங்களுக்குப் பங்கில்லை. மரியாதையோடு விலகி நின்றோம். எவரும் அதைத் தவறாகக் கொள்ளவில்லை. பின்னர் ஆற்றங்கரையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் அருகே சென்று, சைகையால் கேட்டு, நானும் அமர்ந்தேன். உள்ளங்கை சிவந்து எரியுமளவு முறுக்கினேன். என் கயிறு கோணலாக வந்ததைக் கண்டு அவர்கள் சிரித்தனர். ஒருவர் பிரித்துவிட்டு மீண்டும் கற்பித்தார். மாலைக்குள் நான்கைந்து முழம் தேறியது. வடத்தோடு அதையும் சேர்த்துத் திரித்தனர். கணவாயில் ஒரு மூதாட்டிக்குப் பட்ட கடனில் ஒரு சிறு தவணை, வேறொரு பெண்ணின் கைகளில் சேர்ந்தது.

தாக்னாவில் பெருநாள்

துல்ஹஜ் பிறை தோன்றியிருந்தது. தித்திகாக்கா ஏரிக்கரையில் இரு நாள் தங்கினோம். 3,812 மீட்டர் உயரத்தில் கடல்போல் விரிந்த அவ்வேரியின் தக்கீலே தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் கலை! பின்னர் மலையிறங்கிச் சிலி எல்லையருகே உள்ள தாக்னா நகரை அடைந்தோம். அங்கே 'பாபுல் இஸ்லாம்' என்னும் பள்ளிவாசல் உள்ளது. பழைய வாகன இறக்குமதித் தொழிலுக்காக வந்து குடியேறிய பாகிஸ்தானிய வணிகர்களின் முயற்சியில் எழுந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் பாங்கோசை கேட்டபோது கண்கள் கலங்கின.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையில் உருது பேசும் தந்தையரும், ஸ்பானியம் பேசும் தாய்மாரும், இரண்டும் பேசும் குழந்தைகளும் நின்றனர். தொழுகை முடிந்ததும், இஸ்லாத்தை ஏற்ற உள்ளூர்ச் சகோதரி ஒருவர் எங்கள் பைகளைப் பார்த்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரிக்கவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று குர்பானி இறைச்சியும் சோறும் பரிமாறினார். பேருந்து மூதாட்டி மார்க்கத்தை அறியாதவர், இவர் அறிந்தவர். இருவர் கையும் வழிப்போக்கரை நோக்கி ஒரே விதமாக நீண்டன.

வாசகப் பெருமக்களே! எல்லோரும் ஆண்டீஸ் செல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. வாய்ப்பும் வசதியும் உடல்நலமும் உள்ளவர் செல்லலாம். கடமைகளை முடித்துவிட்டு, விரயமின்றி, பணிவோடு செல்லலாம். ஆனால் வழிப்போக்கர் நம் ஒவ்வொருவரின் வீதிக்கும் வருகிறார். மொழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் விழிப்பவர், மருத்துவமனை வாசலில் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர், பள்ளிவாசல் திண்ணையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர். அவருக்கு ஊரில் வீடு இருக்கலாம், நிலம் இருக்கலாம். அந்த நொடியில் அவருக்கு இருப்பது நம் முகம் மட்டுமே. எங்கிருந்து வருகிறார் என்று விசாரிப்பது பிறகு ஆகட்டும். முதலில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்போம். அந்நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.